சுவைக்காத மதுவின் சுவை



கல்முனைக் கரையில் பிறந்து, ஒரு துளி மதுவும் நாவில் படாமல் வளர்ந்தவன் சங்க இலக்கியத்தை எப்படிப் படிப்பது? புறநானூற்றைத் திறந்தால் கள்ளும் தேறலும் பெருகி ஓடுகின்றன. பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவதா?

சற்றுத் தூரம் போய் வருவோம். ஜேர்மனியின் மியூனிச் நகரில் ஆண்டுதோறும் ஒக்டோபர் விழா நடக்கிறது. 1810ஆம் ஆண்டு பவேரிய இளவரசர் லுட்விக்கின் திருமணக் கொண்டாட்டத்தில் தொடங்கிய விழா அது. அவ்விழாவுக்குரிய பழைய பியர் வகைக்கு 'மேர்ட்சன்' என்று பெயர். மார்ச் மாதத்துக்குரியது என்பது பொருள். வெயிலில் பியர் கெட்டுவிடும் என்பதால் 1553இல் பவேரியாவில் கோடைகால வடிப்புக்குத் தடை விதித்தார்கள். ஆகவே மார்ச்சில் வடித்ததைக் குளிர்ந்த நிலவறையில் வைத்திருந்து, கோடை கழிந்ததும் எடுத்தார்கள். செம்பழுப்பு நிறம், முளைகட்டி வாட்டிய பார்லியின் மணம், மெல்லிய இனிப்பு, முடிவில் சிறு கசப்பு என்று குடித்தவர்கள் சொல்கிறார்கள்.

இந்த வித்தை நம் புலவர்களுக்கும் தெரிந்ததே. மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலை மலைபடுகடாம் சொல்கிறது. நிலத்தில் புதைத்து முதிரவைத்த மதுவைக் கபிலர் பாடுகிறார்.

நமது மார்க்க மரபோ வேறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்காக ஊறவைத்த உலர்திராட்சை நீர், மூன்றாம் நாள் மாலைக்குப் பின் வைத்திருக்கப்படவில்லை என்று ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது. அவர்கள் முதிரட்டும் என்று காத்திருந்தார்கள். நாம் முதிருமுன் நிறுத்திக்கொள்கிறோம்.

அப்படியானால் அந்தப் பாடல்களில் நாம் சுவைப்பதற்கு என்ன இருக்கிறது? அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடலைப் பாருங்கள். கள் சிறிதளவே கிடைத்தால் அதியமான் அதை ஔவைக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் அவர் பாட, தானும் உடனிருந்து மகிழ்ந்து உண்பான். கள்ளின் ருசியை ஔவையார் அங்கே வருணிக்கவே இல்லை. குறைந்த வேளையிலும் தனக்கென்று வைக்காமல் கொடுத்த கை போய்விட்டதே என்றுதான் அழுகிறார்.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடியேறி, கந்தூரிச் சோறு பகிரும் நாளை நினைத்துப் பாருங்கள். பிந்தி வந்த பிள்ளைக்குத் தன் பங்கை நகர்த்திக் கொடுக்கும் வாப்பா ஒருவரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவரைக் கண்டவனுக்கு ஔவையின் பாட்டு விளங்கும்.

ஆசிரியப் பெருமக்களே, ஹராம் ஹராமாகவே இருக்கட்டும். ஆனால் கள் வருகிறதே என்று கூசி அந்தப் பாட்டைத் தாண்டிப் போகாதீர்கள். தாண்டினால் நம் பிள்ளைகள் இழப்பது கள்ளை அல்ல, அதியமானை.

வஸ்ஸலாம்.