காலிக் கட்டம் சைபர் இல்லை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கணக்காளர் பேசியது)



நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

ஒரு குழு பேங்கில் 90,000 ரூபாய் வாங்கியிருக்கு. வருஷத்துக்கு நூற்றுக்கு 12 ரூபாய் வட்டி. அவசரத்துக்கு வெளியில் 10,000 ரூபாய், நூற்றுக்கு 24 ரூபாய் வட்டி. சராசரி வட்டி எவ்வளவு? 12-ஐயும் 24-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 18 வரும். அது சரியில்லை. பெரிய கடனுக்கு 10,800, சின்னக் கடனுக்கு 2,400. ஆக வருஷ வட்டி 13,200. லட்சத்துக்கு 13,200 என்றால் நூற்றுக்கு 13 ரூபாய் 20 பைசா. இதுதான் சரியான சராசரி.

எக்ஸெல்லில் இருக்கிற சாதாரண சராசரி சூத்திரம் இந்தக் கணக்கைப் போடாது. ஆனா நமக்கு வேண்டிய கணக்கை நாமே எழுதிச் சேர்க்கலாம். கம்ப்யூட்டரில் ஆல்ட் பட்டனோடு எஃப்11 தட்டினால் தனி ஜன்னல் திறக்கும். அதில் விஷுவல் பேசிக் மொழியில் சில வரி எழுதி ஒரு பேர் வைக்கணும். பிறகு எந்தக் குழுவுக்கும் அந்தப் பேரைத் தட்டி, கடன் தொகையும் வட்டியும் உள்ள கட்டங்களைக் காட்டினால் விடை வந்துடும்.

நானும் எழுதினேன். விடை 10 ரூபாய் 80 பைசான்னு வந்தது. "அப்போ உறுப்பினர்களுக்கு 12 ரூபாய் வட்டிக்குக் கொடுக்கலாம், குழுவுக்கும் கொஞ்சம் மிஞ்சும்" என்று தீர்மானம் எழுதப் போனாங்க. அப்போ ஒரு அம்மா கேட்டாங்க: "வெளியில வாங்கின பத்தாயிரத்துக்கு வட்டியே இல்லையா கண்ணு?"

பார்த்தால், வெளிக்கடனுக்கு வட்டி எழுத வேண்டிய கட்டம் காலி. ரசீது வரட்டும்னு விட்டு வச்சிருந்தேன். நான் எழுதிய வரிகள் காலிக் கட்டத்தைச் சைபர் என்று எடுத்துக்கிச்சு. 13.20-க்கு வாங்கி 12-க்குக் கொடுத்திருந்தால், லட்சத்துக்கு வருஷம் 1,200 ரூபாய் நஷ்டம். அது நம்ம சேமிப்புப் பணம். அந்த அம்மா எக்ஸெல் படிச்சவங்க இல்லை. கணக்கு தெரிஞ்சவங்க.

எக்ஸெல்லிலேயே உள்ள சம்ப்ராடக்ட் சூத்திரமும் காலிக் கட்டத்தைச் சைபராகத்தான் எடுக்கும். நாமே எழுதும்போது ஒரு வசதி: "கட்டம் காலியா இருந்தால் விடை சொல்லாதே, வட்டி எழுதலைன்னு காட்டு" என்று ஒரு வரி சேர்க்கலாம். இப்போ சேர்த்துட்டேன்.

கணக்கு எழுதும் சகோதரிகள் புதுசா எது எழுதினாலும் மூணு சோதனை செய்யுங்க. ஒண்ணு, விடை தெரிஞ்ச சின்னக் கணக்கைப் பேப்பரில் போட்டு ஒத்துப் பாருங்க. இரண்டு, எல்லாக் கடனுக்கும் 12 வட்டின்னு போடுங்க. விடையும் 12-தான் வரணும். மூணு, வேணும்னே ஒரு கட்டத்தைக் காலியா விடுங்க, என்ன சொல்லுதுன்னு பாருங்க.

சேமிக்கும்போது மேக்ரோ உள்ள ஃபைல் வகையைத் தேர்ந்தெடுங்க. சாதாரண ஃபைலாகச் சேமித்தால் எழுதினது நிக்காது. செல்போன் எக்ஸெல்லிலும் இது ஓடாது.

கம்ப்யூட்டர் படிக்காத சகோதரிகளுக்கும் ஒரு வேலை உண்டு. திரையில் வந்த தொகை என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீங்க. "எப்படி வந்தது?"ன்னு கேளுங்க. கேட்கிறது உங்க உரிமை, பதில் சொல்றது என் கடமை.