விரலை விட்டுப் போகாத அம்பு



மதுக்கடைச் சுவரில் தொங்கும் ஒரு வட்டப் பலகை, கையில் மூன்று சிறு அம்புகள். இங்கிலாந்தின் டார்ட்ஸ் ஆட்டத்துக்கு வேண்டியது இவ்வளவுதான். அந்த ஆட்டத்தில் ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற எரிக் பிரிஸ்டோவைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அவர் வாங்கிய பட்டங்களைவிட, கை சொன்னபடி கேட்காமல் போன காலத்தில் அவர் செய்த ஒரு காரியம்தான் என் மனத்தில் பெரிதாக நிற்கிறது.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 5 அடி 8 அங்குல உயரத்தில் இருக்கும். ஏறக்குறைய 7 அடி 9 அங்குலம் தள்ளி நின்று, ஒரு முறைக்கு மூன்று அம்பு எறிய வேண்டும். எடுக்கும் புள்ளிகளை 501-லிருந்து கழித்துக்கொண்டே வந்து, மீதியில்லாமல் முடிக்க வேண்டும். கடைசி அம்பு இரட்டை மதிப்புள்ள இடத்தில் விழுந்தால்தான் வெற்றி. பலகையில் 20 என்ற எண்ணுக்கு இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் 5. இருபதின் மும்மடங்கு மதிப்புள்ள இடத்தில் அம்பு விழுந்தால் 60 கிடைக்கும். விரல் ஒரு நூல் பிசகினால் ஒன்றோடு திரும்ப வேண்டியதுதான். பார்க்க எளிது, எறிந்து பார்த்தால்தான் தெரியும்.

பிரிஸ்டோ 1957-இல் லண்டனில் பிறந்தவர். சுண்டுவிரலை மேலே தூக்கியபடி அம்பைப் பிடிப்பது அவருடைய தனி அடையாளம். 22 வயதில், 1980-இல், முதல் உலகப் பட்டம். அடுத்து 1981. பிறகு 1984, 1985, 1986 என்று வரிசையாக மூன்று. எதிராளியின் முகத்துக்கு நேரே 'உன்னைத் தோற்கடிப்பேன்' என்று சொல்லக்கூடிய தைரியம் அவருக்கு இருந்தது. சொன்னதைச் செய்யும் கையும் இருந்தது.

அந்தக் கைக்குத்தான் சோதனை வந்தது. ஐந்தாவது பட்டத்துக்குப் பின் அம்பு அவர் விரலை விட்டுப் போக மறுத்தது. கை முன்னால் போகும். விட வேண்டிய நொடியில் விரல் திறக்காது. ஆட்டக்காரர்கள் இதை டார்டைட்டிஸ் என்கிறார்கள். கையில் காயமில்லை, வலியில்லை. ஆயிரமாயிரம் முறை செய்த ஒரு சின்ன அசைவை மனம் திடீரென்று தடுத்து நிறுத்துகிறது. அப்படியும் அவர் ஒதுங்கிவிடவில்லை. 1987, 1989, 1990, 1991 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் உலகப் போட்டியின் இறுதியாட்டம் வரை வந்தார். நான்கிலும் தோற்றார்.

இதே காலத்தில், பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் நகரில் பில் டெய்லர் என்ற தொழிலாளி இருந்தார். பீங்கான் கைப்பிடிகள் செய்வது அவர் வேலை. வேலை முடிந்ததும், அங்கே பிரிஸ்டோ நடத்திய மதுக்கடையில் டார்ட்ஸ் ஆடுவார். அந்தக் கையில் என்ன இருக்கிறது என்பதை பிரிஸ்டோ கண்டுகொண்டார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் ஆடு என்று 10,000 பவுண்டு கடன் கொடுத்தார். அன்புமொழி பேசும் ஆசான் அல்லர் அவர். தோற்றுவிட்டுப் போன் செய்தால் பேசமாட்டார்; ஜெயித்துவிட்டுக் கூப்பிடு என்பார்.

1990, உலகப் போட்டியின் இறுதியாட்டம். தரவரிசைப் பட்டியலில் இடமில்லாமல் நுழைந்த டெய்லர் ஒரு பக்கம், கடன் கொடுத்த பிரிஸ்டோ மறுபக்கம். ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் டெய்லர் வென்றார். பிரிஸ்டோ தாம் கொடுத்த பணத்தாலும் பயிற்சியாலும் உருவான கையிடமே தோற்றார். இந்தப் பட்டத்தையும் சேர்த்து அந்தக் கை மொத்தம் 16 உலகப் பட்டங்களை வென்றது. அவற்றில் எட்டு, 1995 முதல் 2002 வரை ஆண்டு தவறாமல் வந்தவை.

கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்ட துரோணர் கதை நமக்குத் தெரியும். இங்கே குருவின் விரல்தான் முடங்கிப்போயிருந்தது. தன் தொழிலே ஆட்டம் கண்டிருக்கும்போது, இன்னொருவன் எழுவதற்குக் கைப்பணத்தைக் கொடுப்பது லேசான காரியம் அல்ல. அதுவும் நாளை எதிரே வந்து நிற்கப்போகிறவனுக்கு!

2018 ஏப்ரல் 5. லிவர்பூலில் டார்ட்ஸ் போட்டி நடந்துகொண்டிருந்த அன்று, பிரிஸ்டோ மாரடைப்பால் காலமானார். வயது 60. அரங்கில் செய்தி சொல்லப்பட்டதும் கூட்டம் அவர் பெயரை முழங்கியது.

நேயர்களே, உங்கள் கையிலும் ஏதோ ஒரு தொழில் இருக்கும். தறியோ, தையலோ, வீணையோ, கணக்கோ, எதுவாகவும் இருக்கலாம். பக்கத்திலேயே அதை உங்களைவிட நன்றாகச் செய்யக்கூடிய ஓர் இளைய கையும் இருக்கலாம். அதைக் கண்டால் தாமதிக்காமல் சொல்லிக்கொடுங்கள். முடிந்தால் பொருளுதவியும் செய்யுங்கள். அது உங்களை மிஞ்சிப் போனால், போகட்டும்.