கேசட்டுக்கும் கோத்திரம் உண்டு

(நாக்பூரில் நடந்த கிளைக் கூட்டத்தில், மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எழுபது தாண்டியவனைப் பேசக் கூப்பிட்டால் பென்ஷனைப் பற்றியோ பிளட் பிரஷரைப் பற்றியோதான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது நம் அலமாரிகளில் தூசி படிந்து கிடக்கும் வீடியோ கேசட்டுகளைப் பற்றி.

1988-ல் அமெரிக்காவில் இருந்த என் தம்பிக்குக் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு உதவியாக அம்மா போயிருந்தாள். புண்யாகவாசனத்தை வீடியோ எடுத்து, அந்தக் கேசட்டைத் தம்பி எனக்கு அனுப்பினான். ஆவலோடு எங்கள் வி.சி.ஆரில் போட்டோம். படம் நிற்காமல் உருண்டது. அம்மாவின் குரல் ஆண் குரல் மாதிரி இழுத்து இழுத்து வந்தது. கேசட் கெட்டுவிட்டது என்று எடுத்து வைத்துவிட்டோம். 1996-ல் அம்மா காலமானாள். அவள் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை.

கேசட் கெடவேயில்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்த எனக்கு அது அன்றே உறைத்திருக்க வேண்டும்.

அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் முறைக்கு என்.டி.எஸ்.சி. என்று பெயர். ஒரு படத்துக்கு 525 கோடுகள், விநாடிக்குச் சுமார் 30 படங்கள். 1982-ல் தூர்தர்ஷனில் வண்ணம் வந்தபோது நாம் ஏற்றது ஜெர்மனியில் பிறந்த பால் முறை. பசும்பால் அல்ல, பி.ஏ.எல்.! இதில் 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. படக் கணக்கும் அதை ஒட்டியே அமைந்தது. கேசட் நாடா ஓடும் வேகமும் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புப் பெட்டிதான். அபிவாதயே சொன்னால்தான் கோத்திரம் தெரியும். கேசட்டோ வாய் திறந்து சொல்லாது. நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2022-ல் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து இரண்டு முறைகளையும் ஓட்டக்கூடிய வி.சி.ஆரை இரவல் வாங்கினேன். மென்பொருளை நிறுவும்போது, எந்த நாடு என்று கேட்டது. இந்தியா என்றேன். எங்கள் கல்யாண கேசட்டுகள் நன்றாக ஏறின. அம்மாவின் கேசட் கறுப்பு வெள்ளையில், ஓரம் வெட்டுப்பட்டு, தத்தித் தத்தி வந்தது.

யோசித்துப் பார்த்தேன். இந்தியாவில் இருப்பது நான். கேசட் பிறந்தது அமெரிக்காவில். மென்பொருளுக்கு வேண்டியது என் விலாசம் அல்ல, கேசட்டின் பிறந்த ஊர். அமைப்புகளுக்குள் போய் என்.டி.எஸ்.சி. என்று மாற்றினேன். ஓரம் சரியாயிற்று, வண்ணம் மட்டும் வரவில்லை. வி.சி.ஆரில் 3.58, 4.43 என்று ஒரு சுவிட்ச் இருந்தது. அது மெகாஹெர்ட்ஸ் கணக்கில் வண்ணத்தைச் சுமந்து வரும் அலையின் எண். 4.43 நம் ஊர் டி.வி.க்காகச் செய்த சமரசம். அசல் அமெரிக்க எண் 3.58. சுவிட்சைத் தள்ளினேன். அம்மாவின் மடிசார் அரக்கு நிறத்துக்கு வந்தது.

இன்னொரு வேடிக்கை. கேசட்டின் மேல் தம்பி 6/3/88 என்று எழுதியிருந்தான். அப்படியே பட்டியலில் போட்டேன். மென்பொருள் அதை மார்ச் 6 என்று வைத்துக்கொண்டது. குழந்தை பிறந்ததோ மே 24. பிறப்பதற்கு முன்பே புண்யாகவாசனம்! அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். அது ஜூன் 3, பதினோராம் நாள். அதனால் இப்போது 1988-06-03 என்று வருஷம், மாதம், தேதி வரிசையில்தான் எழுதுகிறேன். எந்த ஊரிலும் குழப்பம் வராது. பட்டியலும் கால வரிசையில் தானே நிற்கும்.

டி.வி.டி.யைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் விற்ற சினிமா டி.வி.டி.களில் பிராந்திய எண் உண்டு. அமெரிக்காவுக்கு 1, இந்தியாவுக்கு 5. கம்ப்யூட்டர் டிரைவில் இந்த எண்ணைப் பொதுவாக ஐந்து முறைதான் மாற்றலாம். பிறகு அது கடைசி எண்ணிலேயே நின்றுவிடும். வீட்டில் பதிந்த வட்டுகளுக்கு இந்தத் தடை கிடையாது. பிள்ளை அனுப்பிய பேரனின் ஆண்டு நிறைவு வட்டு ஓடவில்லை என்று டிரைவின் எண்ணை மாற்றி வீணாக்காதீர்கள்.

நம்மில் பலர் வீட்டிலும் பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து இருக்கிறார்கள். ஆகவே இரண்டு கோத்திரக் கேசட்டுகளும் ஒரே அலமாரியில் கலந்து கிடக்கும். முதலில் எங்கே எடுத்தது என்று பிரித்து வையுங்கள். கடையில் கொடுத்தால் அதை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்ற விடாதீர்கள். பிறந்த முறையிலேயே சேமித்தால் போதும், இன்றைய கம்ப்யூட்டர் இரண்டையும் காட்டும். வேலை முடிந்தாலும் அசல் கேசட்டை எறியாதீர்கள். ஒத்திப்போடவும் வேண்டாம். கடைசிவரை வி.சி.ஆர். செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-ல் நிறுத்திவிட்டது. நாடாவில் பூஞ்சணம் பிடித்துக்கொண்டே இருக்கிறது. படத்தில் இருப்பவர் யார் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அம்மா அந்த கேசட்டில் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "என்னை எதுக்குடா பிடிக்கறே? குழந்தையைப் பிடி" என்று தம்பியை அதட்டுகிறாள். அவ்வளவுதான். முப்பத்து நான்கு வருஷம் அது என் அலமாரியிலேயே இருந்தது. கெட்டுப்போனது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள்.