1958-ஆம் வருடத்து ரசீது



சென்னை ராயபுரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் பக்கம் சாயங்காலம் நடந்துபோனால், பூண்டு எண்ணெய் வாசனை வழிமறிக்கும். அத்தோ கடை. மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு வடை எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப்.

இது கப்பலேறி வந்த சாப்பாடு. 1962-இல் பர்மாவில் ஆட்சியைப் பிடித்த நே வின், 'சோஷலிசத்துக்கான பர்மிய வழி' என்றொரு கொள்கை அறிக்கை வெளியிட்டார். இனம், மதம் பார்க்காமல் எல்லா மக்களும் மகிழ்ச்சியாக வாழ்வார்கள் என்று அதில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். இரண்டே வருடம். கடைகள் அரசுடைமையாயின, 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள்கூட மூட்டை கட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடிசை போட்டுப் பிழைப்பைத் தொடங்கினார்கள்.

அதனால்தான், மகிழ்ச்சியைப் பேசிக்கொண்டே தன் மக்களை விரட்டிய இன்னொரு நாடான பூட்டானைப் பற்றிப் பேசும்போது நமக்கு வலிக்க வேண்டும். 'மொத்த தேசிய மகிழ்ச்சி' என்ற கொள்கையை உலகுக்குக் கொடுத்த நாடு அது. நல்ல கொள்கை, சந்தேகமே இல்லை. நாட்டில் 60 சதவீதமாவது காடு இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதே நாட்டின் தென்பகுதியில் நேபாளி பேசும் லோட்சம்பா மக்கள் தலைமுறை தலைமுறையாக ஏலக்காயும் ஆரஞ்சும் பயிரிட்டு வாழ்ந்தார்கள். 1988 கணக்கெடுப்பில், குடியுரிமைக்குச் சான்றாக அவர்களிடம் 1958-ஆம் வருடத்து நிலவரி ரசீதைக் கேட்டார்கள். அதற்கு முந்தைய வருடத்து ரசீதைக் காட்டினாலும் ஏற்காமல் திருப்பினார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு துண்டுக் காகிதம்! நம் வீட்டுப் பெட்டிகளைக் கிளறினால் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? 1989-இல் பள்ளிக்கூடங்களிலிருந்து நேபாளி மொழியை எடுத்தார்கள். எதிர்த்தவர்களைச் சிறையில் அடைத்தார்கள். நாட்டு மக்களில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கினர் நேபாளத்தின் ஜாப்பா, மொரங் முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

2010-இல் 33 குறியீடுகளைக் கொண்டு பூட்டான் தன் மக்களின் மகிழ்ச்சியை அளந்தது. முகாம்களின் மூங்கில் குடிசைகளில் இருந்தவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. அவர்களில் பெரும்பாலோரை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. 2025-இல் அவர்களில் சிலரை அமெரிக்கா பூட்டானுக்கே திருப்பி அனுப்பியது. பூட்டான் அவர்களை வைத்துக்கொள்ளாமல் இந்திய எல்லையில் கொண்டுவந்து விட்டது. அங்கிருந்து சிலர் மறுபடியும் அதே ஜாப்பா முகாமுக்குப் போனார்கள்.