வயிற்றுத் தோல் கையைக் காப்பாற்றும் விதம்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் அல்ல, பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் எண்ணெய் மில், அரிசி ஆலை, பனியன் கம்பெனி என்று நம் வீடுகளில் பலருக்கு இயந்திரத்தோடுதான் பிழைப்பு. அதனால் இது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இயந்திரத்தில் கை சிக்கி, தோல் போய், எலும்பும் தசைநாரும் வெளியே தெரிகிறது என்று வையுங்கள். தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டினால் அங்கே பிடிக்காது. அந்தத் தோலுக்கு ஒட்டிய இடம்தான் ரத்தம் தர வேண்டும். வெறும் எலும்பு எப்படித் தரும்? ஆகவே தனக்கென்று ரத்தக்குழாய் உள்ள, கொழுப்போடு சேர்ந்த தோல் தேவை. அதைத்தான் 'ஃப்ளாப்' என்கிறார்கள்.

தொடை இடுக்கில் பெரிய தமனியிலிருந்து ஒரு சின்னக் குழாய் பிரிந்து இடுப்பெலும்பை நோக்கிப் போகிறது. அதை ஆதாரமாக வைத்து 1972-ல் மெக்ரிகர், ஜாக்சன் என்ற டாக்டர்கள் ஒரு முறையை வெளியிட்டார்கள். அந்தத் தோலை ஒரு பக்கம் அறுக்காமல் தூக்கிக் கையில் தைப்பார்கள். சுமார் 3 வாரம் கை இடுப்போடு ஒட்டியே இருக்கும். அதற்குள் கையிலிருந்து புது ரத்தக்குழாய்கள் அந்தத் தோலுக்குள் வளர்ந்துவிடும். பிறகு பிரித்துவிடுவார்கள்.

மார்பகப் புற்றுநோயில் மார்பை இழந்த பெண்களுக்கும் வயிறு உதவுகிறது. வயிற்றின் நடுவே உள்ள நீளத் தசைக்குப் பின்னால் கீழிருந்து ஒரு தமனி ஏறுகிறது. அதன் கிளைகள் தசையைத் துளைத்துத் தோலுக்கு வருகின்றன. முன்பு தசையையும் சேர்த்து எடுத்தார்கள். இப்போது கிளைகளை மட்டும் பிரித்து, தசையை விட்டுவிட முடிகிறது. அந்தத் தசைக்கான நரம்புகள் விலாப் பக்கத்திலிருந்து வருகின்றன. அவை அறுந்தால் தசை தளர்ந்து வயிறு புடைக்கும். அதனால்தான் பல இடங்களில் முதலிலேயே சி.டி. ஸ்கேனில் குழாய்களின் வழியைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, விரல் துண்டானால் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. தாமதிக்காமல் கிளம்புங்கள், கை சீரமைப்பில் பெயர் பெற்ற கங்கா மருத்துவமனை கோவையில்தான் இருக்கிறது.

இரண்டு, வயிற்றில் முன்பு ஆபரேஷன் நடந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தத் தழும்புக்கு அடியில் குழாய் அறுந்திருக்கலாம்.

மூன்று, பீடி, சிகரெட் வேண்டாம். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். ஒட்டிய தோல் கருகிப்போகும்.

வீட்டில் மில்லுக்குப் போகும் பிள்ளைகளிடம் இன்றே சொல்லிவையுங்கள்.