கடல் கடந்து வந்த நுளம்பு

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நாயன்மார் வரலாறும் சித்தாந்தமும் பேசப்பெறும் இம்மேடையிலே நுளம்பைப் பற்றிப் பேச எழுந்தமைக்காக முதற்கண் பெரியோர்களின் மன்னிப்பைக் கோருகின்றேன். ஆயினும், மாரி தொடங்கியதும் காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டே ஒவ்வொரு தாயும் அஞ்சும் இக்காலத்திலே, இதனைச் சங்கத்துக்குப் புறம்பான பொருளென ஒதுக்க என் மனம் இடந்தரவில்லை.

டெங்குவைப் பரப்பும் ஈடிசு நுளம்பு தன் சிறகாற் பறக்கும் தூரம் மிகச் சிறிது. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்கு அப்பால் அது செல்வது அரிது. அங்ஙனமாயின், அது கண்டம் விட்டுக் கண்டம் சென்றது எவ்வாறு? மனிதனே அதனைச் சுமந்து சென்றான். பெண் நுளம்பு நீரின் விளிம்புக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரிலே முட்டைகளை ஒட்டிவிடுகிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆபிரிக்காவிலே தோன்றிய ஈடிசு எகிப்தி, அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களின் நீர்ப்பீப்பாய்களோடு அமெரிக்காவை அடைந்தது. மனிதர் செய்த கொடுமையோடு நோயும் உடன்பயணஞ் செய்தது.

அதன் உறவினமாகிய ஈடிசு அல்போபிக்டசு நம் ஆசியாவுக்குரியது. கருநிற உடலில் வெண்கோடுகள் இருப்பதால் இதனைப் புலி நுளம்பு என்பர். காட்டு மரப்பொந்துகளிலே தேங்கும் நீரில் வாழ்ந்த இதற்கு, பழைய ரயர் மற்றுமொரு மரப்பொந்தாயிற்று. ரயரை எப்படிக் கிடத்தினாலும் அதன் உள்ளே சிறிது மழைநீர் தங்கிவிடும் அன்றோ? வாணிபத்துக்காகக் கப்பலேறிய பழைய ரயர்களோடு அதன் முட்டைகளும் கப்பலேறின. 1979 இல் அல்பேனியாவிலும், 1985 இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலும், 1990 இல் இத்தாலியின் ஜெனோவா நகரிலும் இது காணப்பட்டது.

நுளம்பு வந்து குடியேறிய இடத்துக்கு வைரசு வர நெடுங்காலம் செல்லாது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இந்து சமுத்திரத்திலுள்ள ரீயூனியன் தீவிலே, மக்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரைச் சிக்குன்குனியா பீடித்தது. அங்கே அவ்வைரசின் புறவுறைப் புரதத்தில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியமையால், அது புலி நுளம்பின் உடலில் எளிதாகப் பெருகலாயிற்று. 2007 இல் கேரளத்திலிருந்து வந்த ஒரு பிரயாணியின் இரத்தத்தோடு வைரசு இத்தாலியை அடைய, ரவென்னாவுக்கு அண்மையிலுள்ள சிற்றூர்களில் இருநூறு பேரளவில் நோயுற்றனர்.

நம் நாட்டின் நிலை என்ன? 2006 இன் இறுதியிலே சிக்குன்குனியா வந்தபோது மூட்டுகள் பிடித்து எழுந்து நடக்கமுடியாமல் வருந்தியோர் இச்சபையிலும் இருக்கக்கூடும். 2017 இல் மாத்திரம் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது; நானூறு பேருக்கு மேல் மாண்டனர். ஈடிசு நன்னீரில் மாத்திரமே வளருமென்று நாம் நம்பியிருந்தோம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உவர்கலந்த நீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதை ஆய்வாளர் கண்டு 2011 இல் வெளியிட்டனர். மலேரியா ஒழிந்த நாடென்ற சான்று 2016 செப்டெம்பரில் எமக்குக் கிடைத்தது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு ஸ்டீபன்சி என்னும் புதிய நுளம்பு மன்னார்க் கிணறுகளிலே காணப்பட்டது. ஆகவே, வென்றுவிட்டோமென்று உறங்க இடமில்லை.

இனி, என் வீட்டுக் கதை ஒன்று. என் தங்கை டெங்குவால் ஆசுபத்திரியிற் கிடந்தபோது, அயலவரின் பற்றைக் காணியே காரணமென்று அவர்களைக் குறைகூறினோம். இரு வீட்டாரும் முகங்கொடுத்துப் பேசவில்லை. பின்பு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தேடினார். காணியிலே ஒன்றுமில்லை. எங்கள் குசினியிலே, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டிலே தேங்கிய நீரில் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன! அன்று என் தந்தையார் வேலியருகே சென்று அயலவரிடம் மன்னிப்புக் கேட்டதை நான் மறவேன்.

"நுளம்பைக் கொல்வது பாவமல்லவா?" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் வினவினார். கொல்லாமையைப் பேரறமாகக் கொண்ட சமயத்தவர்க்கு அது நேர்மையான வினாவே. நான் பணிவுடன் கூறுவது இது: சிரட்டையைக் கவிழ்த்து வைப்பதில் கொலை இல்லை. நீர் தேங்கவிடாத வீட்டிலே கொல்வதற்கு நுளம்பே பிறவாது. தேங்கவிட்டுப் பின்பு புகையடித்து ஆயிரமாயிரமாய்க் கொல்வதிலும், ஒரு குழந்தையின் உயிரைப் பணயம் வைப்பதிலும் பார்க்க, முன்னமே துப்புரவு செய்வதன்றோ அறம்?

ஆதலால் இளைஞர்களுக்கு என் விண்ணப்பம் இது. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, இளநீர்க் கோம்பை யாவற்றையும் பார்ப்போம். நீரை ஊற்றிவிடுதல் போதாது. முட்டைகள் ஒட்டியிருக்கும் பாத்திரச் சுவரை உரஞ்சிக் கழுவவேண்டும். பிறர் வளவுக்குப் போகுமுன், விளையாட்டுப் போட்டிக்கென்று நாமே கொண்டுவந்து இம்மண்டபத்தின் பின்னாற் குவித்துள்ள பழைய ரயர்களை அகற்றுவோம். கூட்டம் முடிந்ததும் நான் அங்கே செல்கின்றேன். உடன்வர விரும்புவோர் வருக.