பெயர் அச்சில் வராத அச்சுக்காரர்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழில் துறையில் என்னென்ன வேலைவாய்ப்புகள் இருக்கின்றன என்று பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அதைச் சொல்ல எனக்குப் பின்னால் அனுபவசாலிகள் காத்திருக்கிறார்கள். அதனால் செயலாளரிடம் அனுமதி வாங்கி, அந்தப் பத்து நிமிடத்தை வேறொருவருக்காக எடுத்துக் கொள்கிறேன். திருக்கழுக்குன்றம் சாலையில் சின்னதாய் ஓர் அச்சகம் வைத்திருந்த பெரியவரை நம்மில் பலருக்குத் தெரியும். சிம்போசியம் அழைப்பிதழ், விடுதி மெஸ் டோக்கன், விளையாட்டு விழா ரசீதுப் புத்தகம் எல்லாம் அவர் கையால் அடித்ததுதான். கடந்த ஆண்டு அவர் காலமானார்.

பெயர் சொல்லாமல் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். அவர் வீட்டில் கேட்டபோது அம்மா சொன்னார்கள்: "பேரெல்லாம் வேணாம் தம்பி. மிலிட்டரிக்காரர் பிரஸ்னு சொன்னா தெரியாதவங்க யாரு?" அவர்கள் விருப்பப்படியே பெயரை விட்டுவிடுகிறேன்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. 1960-இல், பத்தொன்பது வயதில், பெங்களூர் போய் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். 1780-இல் தொடங்கப்பட்ட படை அது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, அதை எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அந்தப் படை வீரனை ராணுவத்தில் "தம்பி" என்றே அழைப்பார்கள். பஞ்சாபியும் வங்காளியும்கூட அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அந்தப் பழக்கத்தில்தானோ என்னவோ, முதலாம் ஆண்டுப் பையனிலிருந்து துறைத் தலைவர் வரை அவருக்கு எல்லோரும் தம்பிதான்.

நம் மாவட்டத்துக்கும் அந்தப் படைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கீழ ஒட்டிவாக்கத்துக்காரர் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றிக் கொண்டிருந்தபோது உடன் வந்தவர் ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். அது வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. சுப்பிரமணியன் அதன்மேல் தன் உடம்பைப் போட்டு மறைத்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். இந்தக் கதையை நம் பெரியவர் சொல்லித்தான் நான் முதலில் கேட்டேன். இதே மாவட்டத்தில் பிறந்து பள்ளி, கல்லூரி எல்லாம் முடித்த எனக்கு ஒரு பாடப் புத்தகமும் இதைச் சொல்லவில்லை.

அவர் தன்னுடைய போர்க் கதைகளை அதிகம் சொன்னதில்லை. 1965-இலும் இருந்தார், 1971-இலும் இருந்தார். 1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றங்கரையில் டாங்கிகள் போக வழி வேண்டும் என்று கண்ணிவெடி வயலைத் திறந்து கொடுத்தது மதராஸ் சாப்பர்ஸின் 9-ஆவது எஞ்சினியர் ரெஜிமென்ட். அவர் இருந்தது வேறு யூனிட். ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் முதுகு கொஞ்சம் நிமிரும்.

போர் இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. அவருடைய வேலை அதற்குப் பிறகும் மாதக் கணக்கில் ஓடியது. எல்லையோரக் கோதுமை வயல்களில் நம் படையே புதைத்து வைத்த வெடிகளைத் திரும்ப எடுக்க வேண்டும். "பொதைக்கும்போதே வரிசைக்கு எத்தனைன்னு எழுதி, படம் போட்டு வெச்சிடணும் தம்பி. எடுக்கும்போது அந்தக் கணக்கு நேராவணும். தொண்ணூத்தொம்பது எடுத்தாச்சு, ஒண்ணுதானே பாக்கின்னு வர முடியாது. அந்த ஒண்ணு மேலதான் விவசாயி ஏர் ஓட்டுவான்" என்பார். அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த வார்த்தை போதும் என்று நினைக்கிறேன்.

1977-இல் படையிலிருந்து விடுபட்டு வந்து, சென்னையில் ஒரு நாளிதழின் மெஷின் ரூமில் சேர்ந்தார். சாயங்காலம் செங்கல்பட்டில் ரயில் ஏறி, இரவெல்லாம் வேலை செய்து, காலையில் மை காயாத பேப்பரோடு ஊர் திரும்புவார். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

அந்தக் காலப் பேப்பர் எப்படி வந்தது என்று இன்றைய மாணவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பாசிடர் ஒவ்வோர் எழுத்தாகக் கேஸிலிருந்து பொறுக்கி, ஸ்டிக்கில் தலைகீழாகக் கோர்ப்பார். பக்கம் முழுவதும் கட்டி முடித்ததும் அதன்மேல் ஃபிளாங் என்ற கெட்டி அட்டையை வைத்து அழுத்தி அச்சு எடுப்பார்கள். அதை வளைத்து, காரீயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த உலோகத்தை உருக்கி ஊற்றினால் வளைந்த தகடு கிடைக்கும். அதை ரோட்டரி உருளையில் மாட்டி ஓட்டுவார்கள். வெளியூருக்குப் போகும் டாக் எடிஷன் முதலில், நகரப் பதிப்பு கடைசியில். நடுவில் பேப்பர் ரீல் அறுந்தால் ரயிலும் பஸ்ஸும் காத்திருக்காது. அறுந்த முனையை உருளைகளுக்கு நடுவில் திரும்பக் கோர்த்து இழுக்க நாலு பேர் ஓடுவார்கள். ஒருவர் கையசைவைப் பார்த்துத்தான் இன்னொருவர் வேலை செய்ய முடியும், பேச்சு கேட்காது. கடைசிக் காலத்தில் அவரிடம் நாம் கத்திப் பேச வேண்டியிருந்ததே, அதற்குக் காரணம் பீரங்கி என்று பலர் நினைத்தார்கள். "பீரங்கி எப்பவோ ஒரு நாள்தான் தம்பி. ரோட்டரி தெனமும்" என்று சிரிப்பார்.

அவர் சேர்ந்த மறுவருஷம், 1978-இல், எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935-லேயே குடிஅரசு இதழில் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை அது. கொம்பும் சுழியுமாக இருந்த லை, னை, ணா, றா போன்ற பதின்மூன்று எழுத்துகள் மற்ற எழுத்துகளைப் போலவே ஆயின. நமக்கு அது படிக்கிற விஷயம். கம்பாசிடருக்கோ கேஸில் அறைகள் குறைகிற விஷயம், கை பழகிய இடத்தை மறக்கிற விஷயம். பிறகு கம்ப்யூட்டரும் ஆஃப்செட்டும் வந்தபோது அந்தக் கேஸே போய்விட்டது. பழைய கம்பாசிடர்களில் பலர் ஐம்பது வயதுக்கு மேல் கீபோர்டு பழக முடியாமல் வீட்டுக்குப் போனதை அவர் வருத்தத்தோடு சொல்வார். மெஷின் பக்கம் இருந்ததால் அவர் தப்பித்தார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நான்கும் முடியளவு பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் வித்தையைப் புதிதாகக் கற்றார்.

நண்பர்களே, போருக்கும் அச்சுக்கும் நம் பக்கத்தில் பழைய தொடர்பு இருக்கிறது. 1752-இல் கிளைவ், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கோவளத்தையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தார். 1761-இல் பாண்டிச்சேரி விழுந்தபோது, ஆங்கிலப் படை அங்கிருந்து கொண்டுவந்த பொருள்களில் ஓர் அச்சு இயந்திரமும் இருந்தது. அது வேப்பேரியில் ஃபெப்ரீஷியஸ் பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1779-இல் அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி வேப்பேரியில்தான் அச்சானது. கவர்னர் பெயரும், தளபதி பெயரும், பாதிரியார் பெயரும் நமக்குத் தெரிகிறது. எழுத்துக் கோர்த்த தமிழன் பெயர் நமக்குத் தெரிகிறதா?

1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பத்திரிகையிலும் அச்சிடுபவர் பெயரைப் போட வேண்டும். பேப்பரின் கடைசிப் பக்கத்து அடியில் பொடி எழுத்தில் பார்த்திருப்பீர்கள். 2023-இல் புதுச்சட்டம் வந்து அந்தப் பழையதை மாற்றியது. அந்தப் பெயர் பொறுப்பேற்கும் ஒருவருடையது. ராத்திரி கண்விழித்து ஓட்டியவர் பெயர் அதில் வராது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை லட்சம் பிரதி அவர் கை வழியாகப் போயிருக்கும்! ஒரு பிரதியிலும் அவர் பெயர் கிடையாது. இதை நான் ஒருமுறை அவரிடம் சொன்னேன். "அன்னிக்கி வேல சுத்தமா வந்துச்சா இல்லியா? அத மட்டும் கேளு" என்று முடித்துவிட்டார்.

1999-இல் ஓய்வு பெற்று, சேர்த்து வைத்த பணத்தில் ஒரு பழைய ட்ரெடில் மெஷின் வாங்கிப் போட்டார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக் குப்பங்களில் அரிசியும் பாயும் கொடுக்கச் சிலர் முன்வந்தார்கள். கூட்டத்தில் தள்ளுமுள்ளு வராமல் இருக்க வீட்டுக்கு ஒரு டோக்கன் வேண்டும். அவர் ராத்திரியோடு ராத்திரியாக நம்பரிங் பாக்ஸை மாட்டி, தாள் தாளாகக் கையால் வைத்து எடுத்து, காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தார். அப்போது நான் பள்ளி மாணவன், வெட்டிய டோக்கனை அடுக்கிக் கொடுக்கப் போயிருந்தேன். விடிகாலையில் கட்டை ஒருமுறை எண்ணி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். ஏன் என்று கேட்டதற்குச் சொன்னார்: "ஒரே நம்பர் ரெண்டுல வந்தா ரெண்டு வீடு சண்ட போடும். ஒரு நம்பர் விட்டுப் போனா ஒரு வீடு பட்டினி."

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு நடந்தது இன்னொன்று. வழக்கமாக வரும் ஒரு வியாபாரி, ஒரே எண்கள் உள்ள பில் புத்தகம் இரண்டு செட் கேட்டார். எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. இவர் முடியாது என்றார். அந்த வியாபாரி அதற்குப் பிறகு வரவில்லை, அவரைச் சேர்ந்தவர்களும் வரவில்லை. அந்த வருஷம் தீபாவளிக்கு அவர் வீட்டில் யாரும் புதுத்துணி எடுக்கவில்லை என்று அம்மா பிறகு சொன்னார்கள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் இன்று ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். மாதக் கடைசியில், "ரெண்டு பீஸ்தானே சார், கணக்குல சேர்த்துடலாம்" என்று யாராவது வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு அந்தக் கோதுமை வயல்தான் ஞாபகம் வருகிறது.

இப்போது என் வேண்டுகோளைச் சொல்கிறேன். அந்த ட்ரெடில் மெஷின் அவர் வீட்டுத் திண்ணையில் தார்ப்பாய் போட்டுக் கிடக்கிறது. இரும்பு எடைக்குக் கேட்டு ஆள் வந்துவிட்டார்கள். பொங்கல் வரைக்கும் பொறுத்திருக்கிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள். பழைய இரும்புக்காரர் தரும் விலைக்குக் குறையாமல் நம் சங்கம் அதை வாங்கி, கல்லூரிப் பட்டறையில் ஓடும் நிலையில் வைக்க வேண்டும். காட்சிப் பொருளாகக் கண்ணாடிக்குள் வைப்பதை அவர் விரும்பியிருக்க மாட்டார். மோட்டாரையும் தாங்கிகளையும் சரி செய்யும் பொறுப்பை எங்கள் 2010 செட் ஏற்றுக் கொள்கிறது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை இப்படிப்பட்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படையில் இருந்தவர்கள், அச்சுக் கோர்த்தவர்கள், ரயில்வேயில் பாயிண்ட் போட்டவர்கள், கல்பாக்கத்தில் கான்கிரீட் ஊற்றியவர்கள். உங்கள் செல்போனில் அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், செய்த வேலை, அந்த வேலையின் நுணுக்கம் எல்லாவற்றையும் அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். அடுத்த மலரில் இதற்கென்று நாலு பக்கம் ஒதுக்க ஆசிரியர் குழு ஒப்புக் கொண்டிருக்கிறது.

மதிய உணவுக்குப் பிறகு நடக்கும் பொதுக்குழுவில் மெஷின் குறித்த தீர்மானம் வருகிறது. சாப்பிட்டதும் கிளம்பிவிடாமல், தயவுசெய்து இருந்து கை தூக்கிவிட்டுப் போங்கள்.